கால்தடம் இல்லாத பாத்தி



விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம், ஆராதனை முடிந்து வாசலில் நிற்கையில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: படம் வரைவதை நான்கு ஆண்டுகள் படிக்க என்ன இருக்கிறது? அன்போடு கேட்பவர்கள் உண்டு. கவலையோடு கேட்பவர்களும் உண்டு. பெரியவர் ஒருவர் பத்துக் கட்டளைகளில் இரண்டாவதை நினைவூட்டி, விக்கிரகம் எதுவும் செய்வதில்லையே என்று மெதுவாக உறுதிப்படுத்திக்கொண்டார். நான் யாத்திராகமத்தில் வரும் பெசலெயேலைச் சொன்னேன். ஆசரிப்புக் கூடாரத்தின் பொன் வேலைக்கும் மர வேலைக்கும் கல் வேலைக்கும் கர்த்தர் பேர்சொல்லி அழைத்தவன் அவன். பெரியவர் சிரித்துவிட்டார். ஆனாலும் கேள்வி அப்படியே நிற்கிறது. அதற்கு விவரமாக எழுதும்படி போதகர் ஐயா கேட்டுக்கொண்டதால், இறுதியாண்டில் நான் செய்த வேலையைப் பற்றி எழுதுகிறேன். நம் சபையில் பல குடும்பங்களுக்குத் தூத்துக்குடி உப்பளங்களோடு தொடர்பு உண்டு. ஆகையால் நான் சொல்லப்போகும் பொருள்கள் உங்களில் அநேகருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்தவை.

எங்கள் படிப்பின் கடைசி ஆண்டு முழுவதும் ஒரே வேலைக்கு உரியது. மாணவர் தம் சொந்த வாழ்விலிருந்து ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதைக் கோட்டோவியமாகவும் கலப்பு ஊடகப் படைப்பாகவும் செய்துகாட்ட வேண்டும். கோட்டோவியம் எல்லாரும் அறிந்தது. பென்சில், கரி, மை, தாள். கலப்பு ஊடகம் என்பது வண்ணத்தோடு நின்றுவிடாமல் துணி, மரம், மண், பழைய காகிதம் என்று உண்மைப் பொருள்களையே படத்துக்குள் கொண்டுவருவது. 1912-ல் பிக்காசோ ஒரு சிறிய படத்தில் பிரம்பு நாற்காலியை வரைவதற்குப் பதிலாக, பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஒட்டினார். சட்டத்துக்குப் பதிலாகச் சுற்றிலும் கயிற்றை வைத்தார். முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் ஜெர்மனியின் ஹனோவர் நகரில் கர்ட் ஷ்விட்டர்ஸ் என்பவர் டிராம் சீட்டுகளையும் மரத்துண்டுகளையும் கிழிந்த விளம்பரங்களையும் பொறுக்கி ஒட்டிப் படங்கள் செய்தார். ஒரு வங்கியின் பெயரிலிருந்து கிழிபட்டு மிஞ்சிய ‘மெர்ஸ்’ என்ற எழுத்துகளையே தம் கலைக்குப் பெயராகவும் வைத்துக்கொண்டார். தெருவில் வீசப்பட்டவை அவருடைய கையில் படமாயின.

இந்த இரண்டு வழிகளுக்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. வகுப்பில் இதை யாரும் பாடமாகச் சொல்லித் தருவதில்லை. வேலை செய்யும்போதுதான் தெரிகிறது. ஒரு பொருளை வரையும்போது அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. நான் அதற்குக் கொடுப்பது என் நேரம் மட்டுமே. அதனிடமிருந்து எதையும் எடுப்பதில்லை. கலப்பு ஊடகத்திலோ பொருளையே எடுத்துக்கொண்டு போகிறேன். தாத்தாவின் கடிதத்தைப் பலகையில் ஒட்டினால் அதன் பிறகு அது கடிதம் அன்று. என் வகுப்புத் தோழி ஒருத்தி தன் பாட்டியின் சேலையைக் கேட்டபோது, பாட்டி இரண்டு நாள் யோசித்து, கல்யாணச் சேலையை மறைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தாராம். பாட்டி செய்தது மிகச் சரி என்று நான் நினைக்கிறேன். சொந்த வாழ்விலிருந்து ஒன்று என்று கல்லூரி கேட்கிறது. ஆனால் நம் சொந்த வாழ்வில் நமக்கு மட்டுமே சொந்தமானது என்று எது இருக்கிறது?

நான் உப்பைத் தேர்ந்தேன். என் அம்மா பதினாறு வயது முதல் உப்பளத்துக்குப் போகிறார்கள். விடியுமுன் எழுந்து, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைத் தரை கண்ணைப் பறிக்கும் என்பதால் வேலை சீக்கிரம் தொடங்கும். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக அதிகமாக உப்பு விளைவது தமிழ்நாட்டில்; அதில் பெரும்பகுதி எங்கள் கடற்கரையில்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் வேலை இல்லை. இப்போது சில ஆண்டுகளாக அந்தக் காலத்துக்கு அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. இவ்வளவுதான் நான் அம்மாவின் தொழிலைப் பற்றி அறிந்திருந்தது. மகளாக இருபது ஆண்டுகள் வாழ்ந்தும் இதற்குமேல் தெரிந்துகொள்ள வாய்ப்பு வந்ததில்லை. என்னை அளத்துப் பக்கமே வரவிடாமல் வளர்த்ததும் அவர்கள்தான்.

என் எண்ணத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன். அம்மா சற்றுநேரம் பேசாமல் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருந்தார்கள். பிறகு, “ஏட்டி, கைய வேணா வரைஞ்சுக்கோ. கால வரையாத” என்றார்கள். காரணம் கேட்கவில்லை. நம் கோயிலில் அவர்கள் சேலையை எப்படிக் கட்டி உட்காருவார்கள் என்று தெரிந்த எனக்குக் காரணம் வேண்டியிருக்கவில்லை. இதையும் அவர்களிடம் வாசித்துக் காட்டிய பிறகே எழுதுகிறேன். இரண்டு இடங்களை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டேன்.

ஆனால் சென்னையில் என் திட்டத்தைக் கேட்டவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது கால்களைத்தான். காட்சிகளுக்கு வந்துபோகும் ஓவியர் ஒருவர், “உப்பளம் என்றால் பாதம்தானே கதை, அதை விட்டுவிட்டு என்ன செய்யப் போகிறாய்?” என்றே கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. உழைப்பவரைப் படமாக்குவதில் நமக்கு ஒரு பழக்கம் படிந்துவிட்டது. குஜராத்தின் ரண் பகுதியில் உப்பு விளைவிக்கும் அகரியா மக்களைப் பற்றி எழுதுவோர் மறக்காமல் சொல்லும் ஒரு செய்தி உண்டு. இறந்தவரின் உடல் சிதையில் எரிந்த பின்னும் உப்பேறிய பாதங்கள் எரியாமல் மிஞ்சும் என்பார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நான் வாசித்த கட்டுரைகளில் பாதங்களைச் சொன்னவர்கள் பலர். அந்த மக்கள் நீரை எப்படிப் பார்த்து எப்போது மடை திறக்கிறார்கள் என்று எழுதியவர்கள் மிகக் குறைவு. மெரினா கடற்கரையில் 1959 முதல் நிற்கும் உழைப்பாளர் சிலையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக நெடுங்காலம் இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்தது. நான்கு பேர் பெரும் பாறையை நெம்புகிறார்கள்; முதுகும் தொடையும் முறுக்கேறி நிற்கின்றன. மகத்தான சிலை, சந்தேகமில்லை. ஆனால் நால்வரும் ஆண்கள். அவர்களுக்கு வலிமை இருப்பது தெரிகிறது. என்ன தெரியும் என்பது தெரியவில்லை. இது சிலையின் குறையன்று, என் ஆசை மட்டுமே.

வின்சென்ட் வான் கோவை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. அவர் ஒரு போதகரின் மகன் என்பதும், ஓவியராகும் முன் பெல்ஜியத்தின் போரினாழ் நிலக்கரிப் பகுதியில் சுவிசேஷ ஊழியராக இருந்தார் என்பதும் நம்மில் சிலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். தம்மிடம் இருந்ததைச் சுரங்கத் தொழிலாளருக்குக் கொடுத்துவிட்டு அவர்களைப் போலவே வாழ்ந்தார். 1879-ல் அவருடைய நியமனம் நீட்டிக்கப்படவில்லை. அடுத்த ஆண்டில், 27 வயதில், ஓவியராக முடிவு செய்தபோது முதலில் அவர் கையில் எடுத்தது வண்ணம் அன்று, கோடுதான். பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்துப் பார்த்துப் பிரதி செய்தார். வேலைக்குச் செல்லும் சுரங்கத் தொழிலாளரை வரைந்தார். 1885-ல் ‘உருளைக்கிழங்கு உண்போர்’ படத்துக்கு முன்னால் நியூனன் ஊரின் குடியானவர்களுடைய தலைகளையும் கைகளையும் மாதக்கணக்கில் வரைந்து பழகினார். தட்டில் நீளும் அந்தக் கைகளே நிலத்தைத் தோண்டியவை என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கைகளால் இவ்வளவைச் சொல்ல முடியும் என்றால், அம்மா அனுமதித்த கைகளே எனக்குப் போதும் என்று துணிந்தேன்.

கோடை விடுமுறையின் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வரைந்தேன். வேறு நாளில் அவர்களுக்கு ஓய்வு இல்லை. முதல் நாள் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் தூங்கிவிட்டார்கள். தூங்குகிற கை வேறு, விழித்திருக்கிற கை வேறு; தூங்கும்போது விரல்கள் எதையோ பிடித்திருப்பது போலவே வளைந்திருந்தன. அதுவும் நன்மைக்கே. கரியில் கோடு போட்டு, துணியால் தேய்த்து, ரப்பரால் வெளிச்சத்தைத் திரும்ப எடுப்பது எங்கள் முறை. விரல்களின் அடியில், உள்ளங்கை தொடங்கும் இடத்தில், நான்கு தடித்த மேடுகள் இருந்தன. வலக்கையில் மேடு உயரம். இடக்கையில் அது சற்றே கீழே தள்ளி இருந்தது. நான் பிறந்தது முதல் என்னைத் தூக்கிய கைகள். ஆனால் இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பதை அன்றுதான் பார்த்தேன். ஏன் என்று கேட்டபோது எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்துவந்து, உப்பு வாரும் பலகையின் நீண்ட கம்பைப் பிடிக்கும் விதத்தைக் காட்டினார்கள். மேல்கை திசை சொல்லும், கீழ்க்கை இழுக்கும். பலகை தரையைத் தொட்டும் தொடாமலும் வர வேண்டும். அழுத்தினால் மண்ணும் சேர்ந்து வரும், தூக்கினால் உப்பு நீரிலேயே நின்றுவிடும். ஒரு விரற்கடையில் பாதி அளவுதான் இடம். இதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் மாறியது. எங்கள் வீட்டில் கணக்கு வாத்தியாராக அதுவரை இருந்தவர் அப்பா மட்டும்தான்.

கல்லூரியில் மாதிரியாக உட்காருபவர்களுக்குக் கூலி உண்டு. அதே கணக்கில் அம்மாவுக்கும் கொடுத்தேன். மறுப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், மறுக்கவில்லை. எண்ணி வாங்கிக்கொண்டு அன்று சாயங்காலம் சாளை மீன் வாங்கினார்கள்.

பதினான்கு கை ஓவியங்கள் தேறின. அதன் பின் கலப்பு ஊடகம். உப்பைக் கொண்டு கலை செய்தவர்கள் உலகில் சிலர் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த மோட்டோய் யமமோட்டோ 1994-ல் தம் தங்கையை மூளைப் புற்றுநோயில் இழந்தார். அந்த நாட்டில் இறுதிச் சடங்குகளில் உப்புக்கு இடம் உண்டு. அவர் தரையில் உட்கார்ந்து, மணிக்கணக்கில் உப்பைக் கோடு கோடாகச் சொரிந்து, புதிர்வழிகளை வரைகிறார். காட்சி முடிந்ததும் பார்வையாளரோடு சேர்ந்து அந்த உப்பை அள்ளிக் கடலிலேயே திரும்பச் சேர்க்கிறார். இஸ்ரேலைச் சேர்ந்த சிகாலிட் லண்டாவ் 2014-ல் ஒரு கறுப்பு அங்கியைச் சவக்கடலுக்குள் இறக்கினார். வாரங்கள் செல்லச் செல்ல உப்பு படிந்து, கறுப்பு மறைந்து, மணப்பெண்ணின் உடைபோல வெள்ளையாகிவிட்டது. அந்தப் புகைப்படங்களைக் கைபேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்கள். “கடல் தண்ணியில இவ்வளவு பிடிக்காதே, அங்க தண்ணி கெட்டியோ?” என்று கேட்டார்கள். கேள்வி சரியானது. சவக்கடலின் நீர் சாதாரணக் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்புச் செறிந்தது.

என் திட்டம் அம்மாவின் வேலைச் சட்டைகளில் ஒன்றை உப்புநீரில் தொங்கவிடுவது. அவர்களிடம் இருந்தவை மூன்று. புதிய சட்டை ஒன்று வாங்கிக் கொடுத்துப் பழையதைப் பெற்றுக்கொண்டேன். புதுத்துணி கழுத்தில் குத்துகிறது என்று இரண்டு வாரம் முறையிட்டார்கள். அந்தச் சட்டையை எங்கே, எப்போது இறக்குவது என்பதை முழுக்க அவர்களே தீர்மானித்தார்கள். உப்புநீரின் செறிவைப் ‘போமே’ என்னும் அளவில் டிகிரியாகச் சொல்வது வழக்கம். கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். பாத்தி பாத்தியாக ஓடி வெயிலில் வற்றும்போது அது ஏறும். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்சமும் தங்கிவிடும். ஏறத்தாழ 25 டிகிரியில்தான் உப்பு மணி பிடிக்கத் தொடங்கும். 29, 30-ஐ நெருங்கினால் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும்; இல்லையென்றால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசந்துபோகும். கண்காணிப்பவரிடம் கண்ணாடிக் கருவி உண்டு. அம்மா அதைத் தொட்டதில்லை. நீரின் நிறத்தையும், காற்றில் அதன் மேல் எழும் சுருக்கத்தையும், ஓரத்தில் முதலில் விழும் ஏடு போன்ற படலத்தையும் பார்த்தே சொல்வார்கள். நான் கருவியை இரவல் வாங்கி மூன்று முறை சோதித்தேன். இரண்டு முறை மிகச் சரி. ஒருமுறை அரை டிகிரி வித்தியாசம். அந்த அரை டிகிரிக்குக் கருவிதான் பழையது என்று இன்றும் சொல்கிறார்கள்.

பன்னிரண்டு நாளில் சட்டை தானே நிற்கும் அளவுக்கு விறைத்தது. கைமடிப்புகளில் கற்கண்டு போல மணிகள். ஜூன் மாதம் சென்னைக்குக் கொண்டுபோன மறுவாரமே அது வியர்க்கத் தொடங்கிற்று. கீழே வைத்த தாள் நனைந்தது. இதற்கு அறிவியல் காரணம் உண்டு. தூய உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீர்விடும். கசடாக ஒட்டியிருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். சென்னையில் காற்று அதற்குக் கீழே இறங்குவது அரிது. ஆசிரியர் மேலே வார்னிஷ் பூசச் சொன்னார். அம்மாவிடம் கேட்டேன். சிறிதும் யோசிக்காமல், நல்ல உப்பைக் கரையாத அளவு கரைத்து, அந்தத் தெளிந்த நீரிலேயே சட்டையை அலசி வெயிலில் காயவைக்கச் சொன்னார்கள். உப்பு நிறைந்த நீர் மேற்கொண்டு உப்பைக் கரைக்காது, கசப்பை மட்டும் கழுவிக்கொண்டு போகும். அளத்தில் உப்பைக் குவித்து வடியவிடுவதும் இந்தக் கசப்பு இறங்கத்தானே என்றார்கள். சட்டை தேறிற்று. அக்டோபர் மழையில் மறுபடி வியர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு அம்மாவிடமும் மருந்து இல்லை. பாலிதீன் உறையில் கட்டி வைத்தோம்.

இவ்வளவு நடந்த பிறகுதான் என் வேலையின் மையம் எனக்குத் தெரிந்தது. உப்பளத்தைக் காட்ட நான் தேடிக்கொண்டிருந்தது ஒரு காயத்தை. அம்மா எனக்குக் காட்டிக்கொண்டிருந்ததோ தம்முடைய அறிவை. 1979-ல் வெளிவந்த ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ எங்கள் ஊர் உப்பளத் தொழிலாளரின் வாழ்வைச் சொல்லும் நாவல்; அதிலுள்ள துன்பங்கள் யாவும் மெய். அம்மாவும் அவற்றை இல்லையென்று சொல்வதில்லை. கண் எரிகிறது, இடுப்பு வலிக்கிறது, கூலி போதவில்லை, எல்லாம் வீட்டில் பேசுகிற பேச்சுதான். ஆனால் அந்நியர் கூடி நின்று பார்க்கும் ஓர் அறையில் தம்மைப் பற்றி எது இருக்க வேண்டும் என்று கேட்டால், அவர்கள் தேர்ந்தெடுப்பது வேறு. தேர்ந்தெடுக்கும் உரிமையும் அவர்களுடையதே.

கடைசிப் படைப்பு தரை. மழைக்காலம் முடிந்ததும் அளத்தைத் திருத்தும் வேலை வரும். சேறான பாத்திகளை வழித்து, களிமண்ணை வரிசையாக நின்று மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இறுகாவிட்டால் நீர் கீழே இறங்கும், உப்பில் மண் ஏறும். உப்பளத்தில் பாதங்களின் முக்கிய வேலை இதுதான் என்று அம்மா சொன்னார்கள். தை மாதம் ஊருக்கு வந்து, திரும்பும்போது இரண்டு சாக்குக் களிமண்ணும் நான்கு கேன் உப்புநீரும் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏற்றினேன். பயணச்சீட்டுப் பரிசோதகர் சாக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சென்னையில் மண் கிடைக்காதா அம்மா என்று கேட்டார். நியாயமான கேள்வியே.

நான்கு அடிக்கு மூன்று அடி ஒட்டுப்பலகை. சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்குச் சட்டம், உள்ளே தார்பாய், அதன் மேல் களிமண். ஆறு நாள் மிதித்தேன். தினமும் மாலையில் காணொளி அழைப்பில் அம்மா பார்ப்பார்கள். இரண்டாம் நாள் எனக்கு அது அழகாகவே தெரிந்தது. ஈரமண்ணில் என் விரல்களின் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன. தோழிகள் அப்படியே நிறுத்திவிடு என்றார்கள். அம்மா திரையை உற்றுப் பார்த்தார்கள். “தடம் தெரியுதே. நல்ல பாத்தியில கால்தடம் தெரியக் கூடாது ஏட்டி. இன்னும் மிதி.” மிதித்து, நீர் தெளித்து, பலகையால் தட்டி, மறுபடி மிதித்து, ஆறாம் நாள் அது சிலேட்டு போல ஆயிற்று. அதற்கு மேல் ஒரு விரல் ஆழத்துக்கு உப்புநீர். களிமண் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும் அதுதான் வழி.

பங்குனியில் பத்து நாள் காட்சி. சுவரில் பதினான்கு கைகள், மூலையில் சட்டை, நடுவில் தரை. தரையைப் பார்த்த பலர் வேலை இன்னும் முடியவில்லை என்று நினைத்துக் கடந்து போனார்கள். ஒருவர், ஓர் ஓரத்தில் ஒற்றைக் கால்தடம் மட்டும் பதித்திருந்தால் எவ்வளவு பேசியிருக்கும் என்று வருத்தப்பட்டார். பெயர்ச்சீட்டில் மாணவர் ஒருவர் பெயர்தான் இருக்கலாம் என்பது விதி. ஆகவே பொருள்களைக் குறிக்கும் வரியில் களிமண், உப்புநீர், ஒட்டுப்பலகை என்று எழுதி, செய்முறை என்ற இடத்தில் அம்மாவின் பெயரை எழுதினேன். அதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. மதிப்பெண் நடுத்தரம், ஓவியங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்.

நான்காம் நாள் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். கை ஓவியங்களை அம்மா விரைவாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். தரையின் அருகே வந்ததும் நின்றார்கள். குனிந்து, நீரின் விளிம்பைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்த்துவிட்டு, ஏந்தல் இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றார்கள். உண்மையில் நீர் ஒரு மூலையில் சற்று ஆழமாகத் தேங்கி, எதிர் மூலையில் மண் தெரியத் தொடங்கியிருந்தது. மூன்று நாளாக அதைச் சுற்றி நடந்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை, நானும்தான். அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து மடித்து மேசையின் ஒரு காலடியில் செருகச் சொன்னார்கள். அப்பா மேசையைத் தூக்க, நான் செருகினேன். போதாது என்று இன்னொரு மடிப்பு. பார்வையாளர் இருவர் இதுவும் படைப்பின் பகுதியோ என்ற ஐயத்தோடு மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள்.

அதன் பிறகு மணி ஒரே சீராக விழுந்தது. பகலில் விளக்குச் சூட்டிலும் மின்விசிறிக் காற்றிலும் வளரும். இரவின் ஈரத்தில் நின்றுவிடும். பத்தாம் நாள் ஓர் அட்டையால் மெதுவாக வாரினேன், தரையைத் தொட்டும் தொடாமலும். ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக இருந்தது. மண் ஏறியிருந்தது மிகக் குறைவு. ஊருக்குக் கொண்டுவந்து அம்மாவின் உள்ளங்கையில் கொஞ்சம் போட்டேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். “மணி சின்னது. காத்தாடிக் காத்து ஒரே பக்கமா அடிச்சிருக்கும்” என்றார்கள். பிறகு, நிறம் பரவாயில்லை என்றார்கள்.